வீல் கப்பைத் திருப்பிப் பாருங்கள்: பழைய கார் மூடிகளைச் சேகரிக்க வருவோருக்கு

பழைய காரின் வீல் கப், அதாவது சக்கரத்தின் நடுவை மறைக்கும் மூடி, ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் முகப்பைத்தான் துடைக்கிறார்கள். நடுவில் ஒரு பெயரோ எழுத்தோ தெரிந்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைப்பு. பெயர் தெரிவது பாதி வேலைகூட இல்லை. ஃபோர்டு என்று பொறித்த மூடிகள் பல பத்தாண்டுகளாகப் பல உலோகங்களில், பல அளவுகளில் வந்திருக்கின்றன. அவற்றுக்கு நகல்களும் ஏராளம். எந்தக் காலத்தது, எந்த வகைச் சக்கரத்தில் இருந்தது, அசலா நகலா என்று கேட்டால் பதில் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் கிடைக்கும். அதனால் முதல் பழக்கமாக இதை வைத்துக்கொள்ளுங்கள்: மூடியைக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் பெயரைப் படிப்பது.

எல்லை போட்டுக்கொள்ளுங்கள்

எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொடங்குவது நல்லது. ஒரே கம்பெனியின் எல்லாக் காலத்து மூடிகள், அல்லது மரச் சக்கரக் காலத்தில் திருகிப் பொருத்திய திருகு மூடிகள் மட்டும், அல்லது மூடிப்போன கம்பெனிகளின் மூடிகள் மட்டும் என்று ஒரு வரம்பு. எல்லாவற்றையும் அள்ளத் தொடங்கினால் வீடு நிறையும், அறிவு நிறையாது. என்னைக் கேட்டால் புதிதாக வருபவருக்குத் திருகு மூடிகள்தான் சிறந்தவை. கையளவுதான் இருக்கும், கனமான உலோகம், எளிதில் கெடாது. கம்பெனிகளின் வகையும் அதிகம்: 20ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் மட்டுமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களில் கார்கள் வந்து போயின.

கையில் இருக்க வேண்டியவை

விட்டமும் ஆழமும் நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர், சிறிய காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், டார்ச், மரை (திருகுப் புரி) அளக்கும் கேஜ், மெல்லிய காகிதம், மென்மையான பென்சில். இவ்வளவு போதும். காகிதமும் பென்சிலும் எதற்கு என்றால், தேய்ந்த எழுத்தின் மேல் காகிதத்தை வைத்து மெதுவாகத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத வரிகள்கூடப் பதிந்து வரும். டார்ச்சை நேராக அடிக்காமல் மேற்பரப்பை ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். எழுத்தின் விளிம்பில் நிழல் விழுந்து படிக்க முடியும்.

முதல் கேள்வி: சக்கரத்தை எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தது?

அடையாளம் காண்பதில் நான் மற்ற எதையும்விட அதிகம் நம்புவது இதைத்தான். மூடியைச் சக்கரத்தோடு இணைக்கும் முறை காலத்துக்குக் காலம் மாறியது. அந்த மாற்றத்தை நகல் செய்பவர்கள்கூட மாற்றி எழுத முடியாது.

உட்புறம் மரை வெட்டியிருந்தால் அது திருகு மூடி. கார் தோன்றிய காலத்திலிருந்து 1920களின் இறுதி வரை, மர ஆரக்கால் சக்கரங்களோடு வந்தது. அந்தக் காலத்தில் இது அலங்காரப் பொருள் அல்ல. சக்கரத்தின் நடுவே இருக்கும் பேரிங்கில் கிரீஸ் நிற்கவும் தூசி புகாமல் இருக்கவும் போட்ட மூடி. அடிக்கடி கழற்ற வேண்டியிருந்ததால் ஸ்பானர் பிடிக்க ஆறு பட்டையோ எட்டுப் பட்டையோ விட்டிருப்பார்கள். இங்கே நான்கு அளவுகளை எடுத்துக் குறித்து வையுங்கள்: மரையின் உள்விட்டம், ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை, மூடியின் ஆழம், எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையிலான அகலம். பெயரே அழிந்த மூடியைக்கூட இந்த நான்கு எண்களை வைத்துக்கொண்டு அடையாளம் காட்டிவிடலாம். ஒரே காரில் முன்சக்கர மூடியும் பின்சக்கர மூடியும் வேறு அளவில் இருப்பது சாதாரணம். அளவு ஒத்துவரவில்லை என்று அவசரப்பட்டு வேறு கார் என்று முடிவு கட்டாதீர்கள்.

மரை இருந்து, வெளியே இரண்டு அல்லது மூன்று காதுகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது கம்பி ஆரச் சக்கரத்தின் நாக்-ஆஃப். பிரிட்டனின் ரட்ஜ்-விட்வொர்த் கம்பெனியின் முறையிலிருந்து பரவியது. இது மூடி மட்டுமல்ல, சக்கரத்தையே இறுக்கிப் பிடிக்கும் நட். மெத்தென்ற உலோகச் சுத்தியலால் காதில் தட்டித்தான் கழற்றுவார்கள். அதனால் அசல் பழசு என்றால் காதுகளில் தட்டின வடு இருந்தே தீரும். வடுவே இல்லாத 'பழைய' நாக்-ஆஃபைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். இன்னொரு நுட்பம்: ஓடும்போது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக இரண்டு பக்கத்துக்கும் மரை எதிரெதிராக இருக்கும். வழக்கமான முறையில் காரின் இடப்பக்கத்துக்கு வலது மரை, வலப்பக்கத்துக்கு இடது மரை. பிரிட்டிஷ் கார்களில் நியர் சைடு என்று பொறித்திருந்தால் இடப்பக்கம், ஆஃப் சைடு என்றால் வலப்பக்கம். கழற்றும் திசைக்கு அம்புக்குறியும் இருக்கும். ஜோடி என்று சொல்லி ஒரே பக்கத்து மூடிகள் இரண்டை யாராவது நீட்டினால் மரையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

காதுகளை வைத்து ஒரு காலக்கணக்கும் உண்டு. சக்கரத்திலிருந்து இறக்கை போல நீட்டும் உறுப்புகள் நடந்து போகிறவர்களைக் காயப்படுத்தும் என்று அமெரிக்கக் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி 211 அவற்றுக்குத் தடை போட்டது. 1968 ஜனவரி 1 முதல் அமல். அமெரிக்கச் சந்தைக்குப் போன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் அதன்பின் காதில்லாத எண்பட்டை நட்டுக்கு மாறின. எம்ஜி காரின் எண்பட்டை நட் கிடைத்தால் அது அந்த விதிக்கு முந்தையதா பிந்தையதா என்று யூகிக்க இது உதவும்.

மரையே இல்லை, விளிம்பு உள்ளே மடிந்து வழவழப்பாக இருக்கிறது என்றால் அது அழுத்திப் பொருத்தும் சிறு மூடி. எஃகுச் சக்கரங்கள் பரவிய 1930களில் இது பரவலானது. இந்த வகையில் பிடிக்கும் கிளிப்புகள் பெரும்பாலும் சக்கரத்தில் இருக்கும், மூடி வெறும் கிண்ணம்தான். இங்கே முகப்பு விட்டத்தைவிடப் பின்விளிம்பின் உள்விட்டம்தான் முக்கியம்.

விளிம்பைச் சுற்றிலும் கூரான பற்கள் இருந்து, மூடி ரிம் வரை முழுச் சக்கரத்தையும் மறைத்தால் அது முழு வீல் கவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இதன் ஆட்சிதான். 1947இல் வந்த காடிலாக் மூடிக்கு அதன் வடிவத்தைப் பார்த்து 'சோம்ப்ரேரோ' (அகல விளிம்புள்ள மெக்சிகோ தொப்பி) என்று பட்டப்பெயர். 1953 ஓல்ட்ஸ்மொபைல் ஃபியஸ்டாவின் மூன்று கை சுழலி மூடி அதைவிடப் புகழ்பெற்றது: அந்தக் கார் 458தான் செய்தார்கள், ஆனால் மூடியை எல்லோரும் தங்கள் கார்களில் மாட்ட ஆசைப்பட்டதால் உதிரிபாகக் கம்பெனிகள் அதே வடிவத்தில் செய்து குவித்தன. எனவே ஃபியஸ்டா மூடி என்று கிடைப்பதில் பெரும்பகுதி அந்தக் காரைப் பார்த்ததே இல்லை. காலம் பழசுதான், கார்தான் வேறு. இதையும் தனி வகையாகச் சேகரிக்கிறவர்கள் உண்டு. வேகக் கார்களுக்கு உதிரிபாகம் செய்த அமெரிக்கர் டீன் மூனின் பெயர் தாங்கிய வழவழப்பான அலுமினியத் தட்டுகளும் இப்படித்தான். உப்புப் பாலைவனத்தில் வேகச் சாதனைக்கு ஓடிய கார்களுக்கு என்று தொடங்கி, பிறகு தெருக் கார்களுக்கும் வந்தன.

முழு வீல் கவரில் ரிம் அளவே காலத்தைச் சொல்லும். அமெரிக்கக் கார்களில் போருக்கு முன் 16 அங்குலம் சகஜம். 1940களின் இறுதியில் 15 ஆனது. 1957 மாடலில் பல கம்பெனிகள் 14க்கு இறங்கின. 14 அங்குலத்துக்கான மூடியை 1951 காரினது என்று ஒருவர் சொன்னால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

இரண்டாம் கேள்வி: என்ன உலோகம்?

திருகு மூடிகளில் பித்தளை, நிக்கல் முலாம் பூசிய பித்தளை, அலுமினியம், எஃகு எல்லாம் உண்டு. இங்கே நினைவில் வைக்க வேண்டிய ஒரே வரி: குரோமியம் முலாம் கார்களுக்கு வந்தது 1920களின் பிற்பகுதியில்தான். அதற்கு முந்தைய பளபளப்பு நிக்கல். நிக்கலில் லேசான மஞ்சள் சூடு இருக்கும், குரோமியம் நீலம் கலந்த குளிர்ந்த வெண்மை. வெள்ளைத் தாளின் மேல் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒருமுறையிலேயே கண்ணுக்குப் பழகிவிடும். 1915 காரின் மூடி என்று வந்தது நீலச் சாயல் காட்டினால், ஒன்று பிறகு முலாம் பூசியிருக்கிறார்கள், அல்லது மூடியே புதுசு.

ஃபோர்டு மாடல் ஏ இதற்கு நல்ல பாடம். 1928, 1929 கார்களின் பளபளப்பு உதிரிகள் நிக்கல் முலாம். 1930, 1931இல் எவர்சில்வர். அடுத்த ஆண்டு வி-8 இன்ஜின் வந்தபோது மூடியின் நடுவிலும் வி-8 சின்னம் ஏறியது.

காந்தத்தை நம்புங்கள், ஆனால் முழுதாக நம்பாதீர்கள். பித்தளையிலும் அலுமினியத்திலும் ஒட்டாது, எஃகில் பட்டென்று ஒட்டும். எவர்சில்வரில் இரண்டு குடும்பம்: நிக்கல் கலந்ததில் அநேகமாக ஒட்டாது, குரோமியம் மட்டும் கலந்ததில் நன்றாகவே ஒட்டும்; கார் அலங்காரத் தகடுகளுக்கு இந்த இரண்டாவது வகையும் நிறையப் பயன்பட்டது. நிக்கலே காந்தம் ஈர்க்கும் உலோகம் என்பதால் கனமான முலாம் பூசிய பித்தளையில்கூட லேசான இழுப்பு தெரியும். சந்தேகம் வந்தால் உள்விளிம்பில் முலாம் தேய்ந்த இடத்தை லென்ஸில் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை, பழுப்புத் துரு தெரிந்தால் எஃகு.

போர்க்காலம் இதில் இரண்டு விதிவிலக்குகளை விட்டுச் சென்றிருக்கிறது. இரண்டாம் உலகப் போர் காரணமாக 1942இன் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் பளபளப்பு அலங்காரத்துக்குத் தடை வந்தது. பம்பர் தவிர மற்றவற்றுக்கு வண்ணம் அடித்து அனுப்பினார்கள். பிப்ரவரியில் கார் உற்பத்தியே நின்றுவிட்டதால் அப்படிப்பட்ட கார்கள் மிகக் குறைவு. 1942 மாடலுக்குரிய மூடியில் வண்ணம் பூசியிருந்தால் யாரோ கிறுக்கியது என்று சுரண்டிவிடாதீர்கள், அந்த வண்ணம்தான் அதன் மதிப்பு. பிறகு கொரியப் போர் ஆண்டுகளில் நிக்கலுக்குக் கட்டுப்பாடு வந்ததால் முலாம் மெலிந்தது. 1952 வாக்கிலான மூடி மற்றவற்றைவிடச் சீக்கிரம் உரிந்து புள்ளி விழுந்திருந்தால் அது இயல்பு.

இப்போது முகப்பைப் படியுங்கள்

கம்பெனியின் ஆயுட்காலம் தெரிந்தால் தேதிக்கு வேலி போட்டாயிற்று. லாசால் என்று இருந்தால் 1927க்கும் 1940க்கும் இடையில். எட்செல் என்றால் 1958 முதல் 1960 மாடல் வரைதான். ஓக்லாந்து 1931இல் முடிந்தது. அதன் துணையாக 1926இல் தொடங்கிய பான்டியாக் தாயையும் மிஞ்சி வாழ்ந்தது. பிளிமத் 1928க்கு முன் இல்லை. இதைப்போல் நூறு பெயர்களுக்கு ஒரு பட்டியல் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் சந்தையில் பாதி வாக்குவாதம் மிச்சம்.

பெயரே இல்லாத மூடிகளில் வடிவம் பேசும். நடுவில் சிவப்பு அறுகோணம் என்றால் பேக்கார்டு. இரண்டு முக்கோணங்கள் பின்னி, நடுவே டி, பி எழுத்துகள் என்றால் டாட்ஜ் பிரதர்ஸ். செவ்ரோலேயின் வில் முடிச்சுச் சின்னம் 1913இல் வந்தது, ஆகவே அது இருக்கும் மூடி அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. ஃபோர்டு மாடல் டி மூடிகளில் பிற்காலத்தவற்றில் கையெழுத்துப் பெயருக்குக் கீழே மேட் இன் யுஎஸ்ஏ என்று சேர்ந்திருக்கும். கனடாவில் செய்தவற்றில் கனடா என்று இருக்கும். இந்தச் சின்ன வரியை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. ஐரோப்பியக் கார்களிலும் இதே முறைதான்: ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் மூடி உருண்டையாக உப்பியிருந்தால் 1965 மாடல் அல்லது அதற்கு முன், தட்டையாக இருந்தால் 1966 முதல்.

நடுச் சின்னத்தில் நிறம் இருந்தால் அது எனாமலா, பெயின்டா என்று பாருங்கள். எனாமல் என்பது உலோகத்தில் உருக்கி ஒட்டிய கண்ணாடி. உடைந்த இடம் சிப்பி ஓடு போலக் குழிந்து தெரியும், நகத்துக்கு அசையாது. பெயின்ட் உரியும், ஓரத்தில் தடிக்கும். எனாமல் சின்னத்தின் மேல் யாராவது பெயின்டால் ஒட்டுப் போட்டிருந்தால் சாய்ந்த வெளிச்சத்தில் அந்த இடம் மட்டும் மங்கிக் காட்டும்.

எண்கள், முத்திரைகள்

பழைய திருகு மூடிகளில் எண் இருப்பது அபூர்வம். பிற்கால வீல் கவர்களின் பின்பக்கம் செய்தவர் பெயரோ பேடன்ட் எண்ணோ இருக்கலாம். லயன் என்ற பெயர் கிடைத்தால் அது டெட்ராய்ட் வீல் கவர் கம்பெனி. காரின் பெயர் அல்ல. கெல்சி, ஹேய்ஸ் ஆகியவையும் சக்கரக் கம்பெனிகளே. 1927இல் இரண்டும் இணைந்தன என்பதால் கெல்சி-ஹேய்ஸ் என்று சேர்ந்து இருந்தால் அதற்குப் பிறகு.

ஃபோர்டு உதிரிபாக எண்ணைப் படிப்பது சுவையான வேலை. முதல் எழுத்து பத்தாண்டு: பி என்றால் 1950கள், சி 1960கள், டி 1970கள். அடுத்த இலக்கம் அந்தப் பத்தாண்டில் எந்த வருடம். மூன்றாவது எழுத்து கார் வகை. இசட் என்றால் மஸ்டாங். நடுவில் வரும் 1130 என்பது வீல் கப்புக்கு உரிய எண். ஒரு எச்சரிக்கை: அது வடிவமைத்த வருடம். அதே மூடி அடுத்தடுத்த வருடங்களிலும் ஓடியிருக்கலாம்.

நகலைப் பிடிப்பது எப்படி

நகல் என்றாலே மோசடி இல்லை. பழைய காரைப் புதுப்பிக்கிறவருக்கு நான்கு ஒரே மாதிரி மூடிகள் வேண்டும், அவருக்காக நேர்மையாகச் செய்து விற்கிறார்கள். அதைப் பழசென்று சொல்லி நம்மிடம் விற்பதுதான் சிக்கல்.

அசல் மூடிகள் பெரும்பாலும் தகட்டை அச்சில் அழுத்தியோ, கடைசலில் கடைந்தோ செய்யப்பட்டவை. போலியை அசலின் மேல் மணல் அச்சு எடுத்து வார்ப்பது எளிய வழி. அப்படி வார்த்ததற்கு இரண்டு குறைகள் தப்பாது. ஒன்று, பின்பக்கம் மணல்மணலாகச் சொரசொரப்பு. இன்னொன்று, உருகிய பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை அளவில் சுருங்கும். அதனால் நகல் அசலைவிடச் சிறுத்திருக்கும். காலிப்பரும் அசலின் அளவும் கையில் இருந்தால் வேறு வாதமே வேண்டாம்.

தேய்மானம் சரியான இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நிஜமாக ஓடிய மூடியில் பட்டைகளின் முனை ஸ்பானர் பட்டு மழுங்கியிருக்கும், மரையின் அடியில் கறுத்த கிரீஸ் இறுகியிருக்கும். முகப்பு முழுக்கச் சமமாகப் பழுப்பேறி, மரை மட்டும் நேற்று வெட்டியது போல் கூர்மையாக இருந்தால் அமிலத்தில் முக்கிப் பழசாக்கியிருக்கிறார்கள்.

வாங்கும்போது

பெரிய பழைய உதிரிச் சந்தைகள் இரண்டு உலகம் அறிந்தவை: அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் அக்டோபரில் கூடுவது, இங்கிலாந்தில் பியூலியில் செப்டம்பரில் கூடுவது. அங்கே போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. எங்கே வாங்கினாலும் பின்பக்கப் படம், மரையின் படம், அளவு மூன்றையும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். நான்கு சேர்ந்த செட்டுக்குக் காரைப் புதுப்பிப்பவர்கள் போட்டி போடுவார்கள், ஒற்றை மூடிக்கு அந்தப் போட்டி இல்லை. சேகரிப்பவருக்கு ஒற்றையே போதும். நெளிசல் இருக்கும் எவர்சில்வர் மூடியை வாங்கலாம், நிமிர்த்திப் பாலிஷ் போட முடியும். முலாம் உரிந்த எஃகை எனாமல் சின்னத்தோடு வாங்குமுன் யோசியுங்கள். மறுபடி முலாம் பூச அமிலத் தொட்டியில் இறக்கும்போது எனாமல் போய்விடும்.

நிறுத்தி வைத்திருக்கும் காரிலிருந்து கழற்றியது போல் புதுக் கீறலோடு ஒற்றை மூடி வந்தால் தொடாதீர்கள். வீல் கப் திருட்டு வீல் கப் அளவுக்கே பழையது.

சுத்தம் செய்தல்

அவசரமே இங்கே எதிரி. பழைய சக்கரத்தில் ஒட்டிய கறுப்புத் தூசியில் பிரேக் லைனிங்கின் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்கவோ காற்றடித்து ஊதவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியை மூடிய பையில் போடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வீல் கவர் பற்கள் கையைக் கிழிக்கும்.

பிறகு வெதுவெதுப்பான நீரும் மிதமான சோப்பும். இறுகிய கிரீஸுக்கு மண்ணெண்ணெய். நிக்கல் முலாம் மெல்லியது. பாலிஷ் போடப் போட அடியிலுள்ள பித்தளை எட்டிப் பார்க்கும், போனது திரும்பாது. அலுமினியத்துக்குக் காஸ்டிக் சேர்ந்த கிளீனர் ஆகாது, அரித்துக் கறுக்கும். குரோமியத்தில் துருப்புள்ளி இருந்தால் கசக்கிய அலுமினியத் தாளை நீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் போதும். எழுத்துப் பள்ளத்தில் பழைய வண்ணம் எஞ்சியிருந்தால் தின்னர் பக்கமே போகாதீர்கள்.

பதிவும் வைக்கும் இடமும்

ஒவ்வொரு மூடிக்கும் ஓர் அட்டை: முன்பின் படங்கள், அளவுகள், உலோகம், எங்கே எப்போது கிடைத்தது, யூகம் என்ன, எதை வைத்து அந்த யூகம். கடைசிக் கட்டம்தான் முக்கியம், பிறகு திருத்த அதுவே வழி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், முகப்பு உரசும். ரப்பர் பாய் மேல் பித்தளையை வைத்தால் அதிலிருந்து கிளம்பும் கந்தகம் கறுக்க வைக்கும். திருகு மூடிகளுக்கு அவற்றின் மரை அளவுக்குக் கடைந்த மரக்கட்டைகளைப் பலகையில் பொருத்திவிட்டால் மாட்டவும் கழற்றவும் வசதி. கலிஃபோர்னியாவின் போப் பள்ளத்தாக்கில் லிட்டோ தமோன்டே தன் பண்ணை முழுக்க ஆயிரக்கணக்கில் வேலியிலும் சுவரிலும் ஆணியடித்து மாட்டினார். அந்த இடம் மாநிலத்தின் 939ஆம் வரலாற்றுச் சின்னம். பார்க்க அற்புதம்தான், ஆனால் வெயிலிலும் மழையிலும் மூடிகளை வைக்க நான் சொல்ல மாட்டேன்.

பெயர் தெரியாதவற்றுக்கு ஒரு தனிப் பெட்டி வையுங்கள். அதிலிருப்பவற்றை கார் பட்டியலோடு மட்டும் ஒப்பிடாமல் லாரி, டிராக்டர், டிரெய்லர், தீயணைப்பு வண்டி மூடிகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவற்றிலும் திருகு மூடிகள் இருந்தன, காருக்கு மரச் சக்கரம் போன பிறகும் சில கன வண்டிகளில் தொடர்ந்தன.